நான்காவது போல்ட்: ஒரு பயிற்சி வீழ்ச்சியின் நிகழ்வு ஆய்வு

பாறை ஏறப் பழகிய கான்கிரீட் தூணில் போல்ட் முறிந்த சத்தம் கீழே நின்ற எனக்குக் கேட்கவில்லை. ஆடி மாதக் கச்சான் காற்று காதை அடைத்துக்கொண்டிருந்தது. கையில் இருந்த கயிறு வெடுக்கென்று என்னை ஒரு முழம் மேலே தூக்கிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை, அதாவது என் அத்தை மகன், தூணை ஒட்டி இடது பக்கமாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தான். முறிந்த போல்ட்டின் தலையும் அதோடு இருந்த தகடும் ஏணிப்பட்டையோடு சேர்ந்து அவன் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே இருந்த போல்ட்டில் அவன் மாட்டிய கேராபினர் என்கிற கொக்கி வளையம் அப்படியே இருந்தது. ஆனால் அதையும் அவன் இடுப்பையும் இணைக்க வேண்டிய டெய்சிப் பட்டை அதில் இல்லை.

அந்தக் காலியான கேராபினரைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. உடைந்த போல்ட்டைவிட அதுதான் பெரிய விஷயம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எங்கே, எதற்காக

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் கடலோரத்தில் எங்கள் ஊர். ஏறுவதற்கு இங்கே பாறையே கிடையாது. மணல், பவளக்கல், சவுக்கு, பனை. பர்வதம் என்று பெயர் வைத்திருக்கும் ராமேசுவரத்துக் கந்தமாதன பர்வதமே ஒரு மணல்மேடுதான். கருங்கல்லைத் தொட வேண்டுமென்றால் மதுரைப் பக்கம் போக வேண்டும். நான் வேலைக்காகப் பெங்களூரில் சில வருடம் இருந்தபோது பாறை ஏறக் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பியதும் அத்தை மகனுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. அவன் விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வந்தால் படகு கரையில் நிற்கும், அவனும் சும்மா இருப்பான். அந்த இரண்டு மாதத்தில்தான் தொடங்கினோம்.

எங்கள் இலக்கு சஹ்யாத்ரி மலைத்தொடரில் ஜீவ்தன் கோட்டையை ஒட்டி நிற்கும் வானர்லிங்கி என்கிற கல்தூண். ஒரே கயிற்று நீளத்தில் முடியாது, பல கட்டமாக ஏற வேண்டும். செங்குத்தான இடங்களில் எய்ட் கிளைம்பிங் தெரியாமல் எங்களால் ஏற முடியாது.

அது என்ன என்று தெரியாதவர்களுக்கு: சாதாரண ஏற்றத்தில் கையும் காலும் பாறையைப் பிடிக்கும், கயிறு, நாம் விழுந்தால் தாங்குவதற்கு மட்டும். எய்ட் ஏற்றத்தில் பாறை இடுக்கில் ஒரு கருவியைச் சொருகி அல்லது இருக்கிற போல்ட்டில் மாட்டி, அதில் எய்டர் என்கிற துணி ஏணியைத் தொங்கவிட்டு, அந்த ஏணியில் ஏறி நின்று, எட்டுகிற உயரத்தில் அடுத்த கருவியை வைப்போம். இப்படியே அடிக்கு அடி. அமெரிக்காவின் யோசெமிட்டியில் சுமார் 900 மீட்டர் உயரமுள்ள எல் கேப்பிட்டன் பாறையின் 'நோஸ்' வழியை 1958-ல் வாரன் ஹார்டிங், வெய்ன் மெர்ரி, ஜார்ஜ் விட்மோர் மூவரும் முதலில் ஏறி முடித்தது இந்த முறையில்தான். ஒன்றரை வருடத்தில் பரவிய 47 ஏறும் நாட்கள். அவர்களுக்கு முன்னால், 1947-ல் லாஸ்ட் ஏரோ சிம்னியை ஏறிய ஜான் சலாதே ஒரு கொல்லர். அன்றைக்கு இருந்த மெல்லிரும்பு ஆணிகள் அந்தக் கருங்கல்லில் வளைந்துவிடுகின்றன என்று தானே கடினமான எஃகில் ஆணி அடித்துக்கொண்டு போனவர். இந்தக் கலை தொடங்கியதே உலோகத்தைப் பற்றிய கவலையில்தான். எனக்கு அந்தக் கவலை வராமல் போனதுதான் இந்த நிகழ்வு.

எய்ட் ஏற்றத்துக்கு 1 முதல் 5 வரை தரம் சொல்வார்கள். சுத்தியல் அடித்து ஏறினால் எழுத்து ஏ, சுத்தியல் இல்லாமல் ஏறினால் எழுத்து சி. சி1 என்றால் ஏறுபவர் விழுந்தாலும் வைத்த ஒவ்வொரு கருவியும் தாங்கும். நாங்கள் பழகியது சி1-க்கும் கீழே, எல்லாமே போல்ட். எளிது என்று நினைத்த இடம்.

பயிற்சிக் களம்

சித்தப்பா சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தில் தொடங்கி, பாதியில் நின்றுபோன மூன்று மாடி வீடு ஒன்று கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் நிற்கிறது. சுவர் இல்லை, தூணும் தளமும் மட்டும். பார்த்ததுமே எனக்கு அது மூன்று கட்டப் பாறையாகத் தெரிந்தது. ஒவ்வொரு தளத்தின் விளிம்பும் ஒரு நிலையம். தலைமை ஏறுபவர் அங்கே போய் ஆங்கர் என்கிற பிடிமானத்தைக் கட்டி, கயிற்றைப் பூட்டி, இரண்டாமவர் ஜூமார் என்கிற கயிற்றுப் பிடியைப் போட்டுக் கயிற்றிலேயே ஏறிவர, நடுவில் வைத்த கருவிகளை அவர் கழற்றிக்கொண்டு வர, பிறகு மூட்டையை இழுத்து ஏற்றி, அடுத்த கட்டத்துக்கு யார் போவது என்று மாறிக்கொள்ள. பல கட்ட ஏற்றத்தில் நேரத்தைத் தின்பதும் தவறு நடப்பதும் இந்த நிலையத்தில்தான். அதற்கு உயரமான பாறை தேவையில்லை, பத்தடித் தளம் போதும்.

இந்த விஷயத்தில் மாப்பிள்ளை என்னைவிடக் கெட்டிக்காரன். நிலையத்தில் கயிறு சிக்குவதுதான் புதியவர்களுக்குப் பெரிய தலைவலி. அவன் முதல் நாளே வலை அடுக்குகிற மாதிரி கயிற்றைத் தன் முன்னால் மடித்து மடித்துப் போட்டான், கடைசியில் வந்தது மேலே இருக்கிற மாதிரி. ஒரு முடிச்சு விழவில்லை. இருபது லிட்டர் தண்ணீர் கேனை மூட்டையாக வைத்து, கப்பியில் போட்டுத் தன் உடல் எடையால் இழுத்ததும் அப்படித்தான். படகில் செய்கிற வேலை.

தூணின் வெளிப்பக்கத்தில் ஒவ்வொரு மாடிக்கும் ஐந்து போல்ட், ஏறக்குறைய 70 சென்டிமீட்டருக்கு ஒன்று. இவற்றை முந்தைய ஆண்டு சித்திரையில், நான் தனியாகக் கயிற்றில் இறங்கிப் பழகுவதற்காக அடித்தேன். போல்ட் ஹார்டுவேர் கடையில் வாங்கிய துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு எக்ஸ்பான்ஷன் போல்ட். அதில் மாட்டிய, கேராபினரைக் கோக்கத் துளை உள்ள ஹேங்கர் தகடுகள் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த ஸ்டெயின்லெஸ் எஃகு. மொட்டை மாடித் தூணிலிருந்து தனியாக ஒரு காப்புக் கயிறு எப்போதும் இருக்கும். அதை நான் கீழிருந்து பிடிப்பேன். உயிரைக் காத்தது அதுதான்.

அன்று நடந்தது

ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி. முதல் கட்டத்தை முடித்து முதல் தளத்தில் நிலையம் கட்டி, கேனை இழுத்து, எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்புறம் இரண்டாவது மாடித் தூணில் ஏறத் தொடங்கினான். நான் கீழே மணலிலேயே நின்று காப்புக் கயிற்றைப் பிடித்தேன்.

நான்காவது போல்ட்டில் எய்டரை மாட்டி ஏறி நின்றான். முதலில் அசையவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் அதில் நின்றிருப்பான். ஐந்தாவதை எட்டுவதற்கு எய்டரின் மேல் படிக்குப் போனான். மேல் படியில் நிற்கும்போது உடல் வெளியே சாயும், போல்ட் கீழே மட்டும் இல்லாமல் வெளிப்பக்கமாகவும் இழுபடும். "விடு மச்சான்" என்று அவன் கத்தியது கேட்டது. ஒரு பாகத்துக்கு, அதாவது இரு கை விரித்த அளவுக்கு, கொஞ்சம் கூடவே கயிறு விட்டேன். ஏறி நின்றதும் "பிடி" என்று சொன்னதாகப் பிறகு சொன்னான். அது எனக்குக் கேட்கவில்லை.

போல்ட் முறிந்தது. அவன் இடுப்பிலிருந்து மூன்றாவது போல்ட்டுக்கு இன்னொரு டெய்சிப் பட்டை போயிற்று. அவன் அதன் மேல்தான் முதலில் விழுந்தான். பட்டையின் தையல்கள் கிழிந்து, பட்டை கேராபினரைவிட்டு வெளியே வந்தது. அதற்கப்புறம்தான் காப்புக் கயிறு இறுகியது. தூணின் முனை இடது விலாவில் மோதியது. முழங்கால் தள விளிம்பில் உரசித் தோல் போனது.

இறக்கினோம். ராமநாதபுரத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு விலா எலும்பில் மயிரிழைக் கீறல். ஆறு வாரம் கடலுக்குப் போகக் கூடாது என்றார்கள். தடைக்காலம் முடிந்து மீன் படுகிற நேரத்தில் ஆறு வாரப் பங்கு போனது. அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

போல்ட் ஏன் முறிந்தது

முறிந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முறிந்த முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பும் காவியுமான பழைய துரு. மிச்சம் ஒரு பிறை வடிவத்தில் மட்டும் பளிச்சென்று புது உலோகம். அதாவது அன்று முறிந்தது அந்தப் பிறை மட்டும்தான். மற்றதெல்லாம் மாதக்கணக்கில் ஏற்கெனவே போயிருந்தது. முறிவு வந்த இடம் ஹேங்கர் தகட்டுக்குப் பின்னால், கான்கிரீட்டின் முகத்தோடு சமமாக. வெளியே தெரிந்த நட்டில் லேசான காவிக் கறை மட்டுமே இருந்தது. அதை நான் பார்த்திருந்தேன். கடலோரத்தில் எதில்தான் துரு இல்லை என்று விட்டுவிட்டேன்.

காரணம் இரண்டு உலோகங்களின் சேர்க்கை. ஸ்டெயின்லெஸ்ஸும் சாதாரண இரும்பும் உப்புநீர் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் ஒரு மின்கலம் மாதிரி ஆகும். அதில் அரிபடுவது இரும்புதான். ஸ்டெயின்லெஸ் பக்கத்தின் பரப்பு பெரிதாகவும் இரும்பின் பரப்பு சிறிதாகவும் இருந்தால் அரிப்பு இன்னும் வேகம். முதலில் துத்தநாகப் பூச்சு போகும், அப்புறம் போல்ட். எங்கள் அமைப்பில் அகலமான தகடும் நடுவில் மெல்லிய போல்ட்டும், தகட்டுக்குப் பின்னால் உப்பு ஈரம் காயாமல் தங்குகிற ஒரு இடுக்கும். இதைவிட மோசமாக அமைக்க முடியாது. மீதி பதினான்கு போல்ட்டையும் கழற்றிப் பார்த்ததில் ஐந்து, சுத்தியலால் தட்டியதிலேயே முறிந்தன.

சரி, எல்லாமே ஸ்டெயின்லெஸ்ஸாகப் போட்டிருந்தால்? அதுவும் முழுப் பதில் இல்லை. தாய்லாந்தின் கிராபி கடற்கரைப் பாறைகளிலும் கரீபியனில் கேமன் பிராக்கிலும் நல்ல ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளே வெளியில் பெரிதாகத் துரு காட்டாமல் உள்ளே விரிசல் விட்டு முறிந்திருக்கின்றன. வெப்பம், உப்பு, நிரந்தர இழுவிசை மூன்றும் சேர்ந்தால் நடக்கிற அழுத்த அரிப்பு விரிசல் அது. சாதாரண 304 ரகம் மட்டுமல்ல, மாலிப்டினம் சேர்த்த 316-உம் தப்பவில்லை. அதனால்தான் அந்த இடங்களில் டைட்டானியம் போல்ட்டுகளைப் பசையில் பதிக்கிறார்கள். இந்தக் கரையில் பாறையில்லாவிட்டாலும் காற்று அதே காற்றுதான். பாம்பன் பழைய ரயில் பாலத்தின் இரும்பைப் பராமரித்தவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் இதை எனக்குச் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று. எய்ட் ஏற்றத்தில் சொருகுகிற ஒவ்வொரு கருவியையும் ஏறி நிற்பதற்கு முன் சோதிப்போம். முதலில் கையால் இழுத்து, பிறகு ஒரு காலை வைத்து மெதுவாக, அப்புறம் கொஞ்சம் குதித்து. கருவி பிடுங்கிக்கொண்டு வந்தால் முகத்தில் அடிக்காமலிருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டு. இதை அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆனால் போல்ட் வந்தால் மட்டும் "அது போல்ட்தானே" என்று விட்டுவிடுவோம். யாரும் அடித்த தேதியைக் கேட்பதில்லை. இத்தனைக்கும் அடித்தவன் நானே.

காலியான கேராபினர்

போல்ட் முறியலாம். கடைசியில் எந்தக் கருவியும் போகலாம். அது போனால் என்ன ஆகும் என்று அமைத்து வைப்பதுதான் ஏற்றக் கலை. எங்கள் அமைப்பு அங்கேதான் தோற்றது, அதற்கும் பொறுப்பு நான்தான்.

டெய்சி என்பது ஹார்னஸில், அதாவது இடுப்பில் அணிகிற பாதுகாப்புப் பட்டையில், கட்டுகிற நீளமான பட்டை. நடுவில் குறுக்குத் தையல் போட்டுச் சங்கிலி மாதிரி சிறு வளையங்களாகப் பிரித்திருப்பார்கள். எய்டர் கீழே விழாமல் பிடிக்கவும், உட்கார்ந்து ஓய்வெடுக்கவும் அது. முழு நீளத்தில் பட்டை 22 கிலோநியூட்டன் வரை தாங்கும், அதாவது இரண்டு டன்னுக்கு மேல். ஆனால் ஒவ்வொரு சிறு வளையத்தின் தையலும் இரண்டு மூன்று கிலோநியூட்டன்தான். உடல் எடைக்குப் போதும், விழுவதற்குப் போதாது. ஏறும் கயிறு நீளும். யு.ஐ.ஏ.ஏ. என்கிற சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் தரப்படி சோதனை வீழ்ச்சியில் அது 12 கிலோநியூட்டனுக்கு மேல் உடலுக்குக் கடத்தக் கூடாது. டெய்சி நீளாது. அதில் ஒரு மீட்டர் விழுவது கயிற்றில் பல மீட்டர் விழுவதைவிட மோசம்.

நான்காவது போல்ட்டில் ஏறி நின்றதும் மூன்றாவதிலிருந்த எய்டரையும் டெய்சியையும் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். முறை அதுதான். நான்தான் அவனிடம் "பாதுகாப்புக்கு இன்னொன்று கீழே இருக்கட்டும்" என்று முதல் வாரத்தில் சொன்னேன். அந்த டெய்சியின் நீளம் முக்கால் மீட்டர். அவன் இடுப்பு மூன்றாவது போல்ட்டுக்கு முக்கால் மீட்டர் மேலே இருந்தது. ஆக விழுந்த தூரம் ஒன்றரை மீட்டர், பட்டையின் நீளத்தைப் போல இரு மடங்கு. எந்தப் பட்டையையும் சோதிக்கிற மிகக் கொடுமையான வீழ்ச்சி அது.

அடுத்தது இன்னும் பயங்கரம். டெய்சியைச் சுருக்குவதற்காக, கடைசி வளையம் இருந்த அதே கேராபினரிலேயே நடு வளையம் ஒன்றையும் போட்டிருந்தான். பார்த்தால் இரட்டைப் பிடி மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு வளையத்துக்கும் நடுவில் உள்ள தையல்கள் கிழிந்தால் இரண்டும் ஒரே வளையமாகி, கேராபினர் பட்டைக்கு வெளியே வந்துவிடும். பட்டை அறுந்திருக்காது, கேராபினர் உடைந்திருக்காது, இணைப்பு மட்டும் இருக்காது. வீட்டில் பழைய டெய்சியில் நூல் கட்டி, நடுத் தையலைப் பிளேடால் பிரித்துச் செய்து பார்த்தேன். கேராபினர் சத்தமே இல்லாமல் கழன்று என் மடியில் விழுந்தது. டெய்சி வாங்குகிற ஒவ்வொருவரும் ஒருமுறை இதைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சுருக்க வேண்டுமென்றால் நடு வளையத்துக்குத் தனி கேராபினர் போட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். விலாவுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் கேட்டான். "ரெண்டு நங்கூரம் போட்டா கயிறு ரெண்டும் சம நீளமா விடணும் மச்சான். இல்லேன்னா குட்டையா இருக்கதுதான் மொத்த இழுவையும் வாங்கும். மத்தது சும்மா கெடக்கும்" என்றான். டெய்சி குட்டை, காப்புக் கயிறு நீளம். அவன் பதினைந்து வயதிலிருந்து கடலில் செய்கிற கணக்கை நான் தூணில் செய்யத் தவறியிருந்தேன்.

காற்று

"பிடி" என்றது கேட்கவில்லை என்பதைச் சின்ன விஷயமாகத் தள்ளக் கூடாது. பல கட்ட ஏற்றத்தில் இருவருக்கும் நடுவே ஐம்பது மீட்டர் இருக்கும், பாறை வளைவில் முகமே தெரியாது. வார்த்தையை நம்பி ஏறினால் காற்று வந்ததும் முறை கெட்டுவிடும். இப்போது கயிற்றை இழுக்கிற எண்ணிக்கைதான் எங்கள் பேச்சு: ஒன்று என்றால் விடு, இரண்டு என்றால் பிடி, நான்கு என்றால் நிலையம் தயார், ஜூமார் போடலாம்.

சாயல்குடியில் ஒரு காலை

ஆடி முடிகிற நேரத்தில், பனைப் பருவம் ஓய்வதற்கு முன், அப்பாவின் கூட்டாளி ஒருவரைப் பார்க்கச் சாயல்குடிப் பக்கம் போனேன். காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளை சீவுகிறவர். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து அதில் ஏறி, தளைநாரில் கால் மாட்டி, மரத்தைக் கட்டிப்பிடித்துப் போனார். உச்சியில் மட்டைகளுக்குள் நுழையும்போதுதான் நான் பார்க்க வந்ததைப் பார்த்தேன். எந்த மட்டையிலும் நேராக எடையைப் போடவில்லை. ஒரு கை மரத்தில், மறு கையால் மட்டையை ஒரு சுண்டு சுண்டி இழுப்பார், அப்புறம்தான் சாய்வார். நேற்றும் அதே மட்டைதான், இன்று காலையும் அதேதான். மறுபடியும் இழுக்கிறார்.

இறங்கியதும் கேட்டேன். "பாக்க கெட்டியாத்தான்டா இருக்கும். ராத்திரி காத்துல அடி விட்டுருக்கும்ல?" என்றார். தளைநாரைக் கழற்றி விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். இரண்டு இழை பிசிறு விட்டிருந்தது. பேச்சு நடுவிலேயே அதைத் தூர எறிந்துவிட்டு, புது நாரை எடுத்து முறுக்கத் தொடங்கிவிட்டார். அந்தப் பழையதில் இன்னும் நாலு நாள் ஏறியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவருக்குத் தோன்றவில்லை.

இப்போது

எல்லா போல்ட்டையும் எடுத்துவிட்டோம். தூணைச் சுற்றி நைலான் பட்டை வளையங்கள், முனைகளில் சாக்குத்துணி மெத்தை. ஒவ்வொரு பயிற்சிக்கும் கட்டி, முடிந்ததும் அவிழ்த்து வீட்டுக்குள் கொண்டுபோய்விடுகிறோம், வெயிலும் உப்பும் படாமல். வளையத்தின் உயரத்தைத் தினமும் மாற்றிக் கட்டுவதால் எட்டுகிற தூரமும் மாறிக்கொண்டே இருக்கிறது, பாறையில் இருப்பது போல. ஒவ்வொரு வளையத்தையும் சோதித்த பிறகுதான் ஏற்றம்.

பாறை இடுக்கில் சொருகுகிற கேம் கருவிகளையும் கேராபினர்களையும் கழுவுவது தனிக் கதை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் கழுவுவதும் கடலில் முக்குவதும் ஒன்று. காவிரிக் குடிநீர் வருகிற நாளில் ஒரு குடம் தனியாக எடுத்து வைக்கிறோம். குடிக்கிற தண்ணீரில் இரும்பைக் கழுவுகிறாயா என்று அத்தை முதலில் முகம் சுளித்தார். முறிந்த போல்ட்டை எடுத்துக் காட்டினேன். மறுவாரத்திலிருந்து குடத்தை அவரே எடுத்து வைக்கிறார்.

எட்டாவது வாரம் மாப்பிள்ளை மறுபடி ஏறினான். டாக்டர் சொன்ன ஆறு வாரத்துக்கு மேல் இரண்டு வாரம் நானாகச் சேர்த்தேன். காப்புக் கயிற்றை இப்போது கீழே நின்று பிடிப்பதில்லை, முதல் தளத்தில் அவனுக்குப் பக்கத்தில் நின்றே பிடிக்கிறேன். நான்காவது வளையத்தில் மாட்டினான். கையால் இழுத்தான். ஒரு கால் வைத்தான், தலையைத் திருப்பிக்கொண்டு குதித்தான். ஏறி நின்றதும், குனிந்து, மூன்றாவதிலிருந்த டெய்சியைக் கழற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டான். மேல் தளத்தில் காலை வைத்து, ஆங்கர் கட்டி முடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. கயிறு நான்கு முறை இழுபட்டது. நான் ஜூமாரை மாட்டினேன்.